அண்ணாச்சி கடைக்குத் தெரிந்த கணக்கு

தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போய், "துவரம்பருப்பு எத்தனை கிலோ இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைத் திருப்பாமலே பதில் சொல்லுவார். எந்த மூட்டை பழசு, எதை முதலில் தள்ளிவிட வேண்டும், எதில் வண்டு விழ ஆரம்பித்திருக்கிறது என்பது வரை அவருக்கு அத்துப்படி. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாராசிட்டமால் அட்டைக்குக்கூட பேட்ச் நம்பர் உண்டு, காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டிய மாத்திரை அலமாரியில் இருந்து, மருந்து ஆய்வாளர் வந்துவிட்டால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

இதே கேள்வியை ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையில் கேட்டால் என்ன நடக்கும்? "சார், இந்தக் கட்டடத்தில் பொட்டாசியம் சயனைடு எத்தனை கிராம் இருக்கு? எந்த அறையில்? எந்த அலமாரியில்?"

ஒரு ரிஜிஸ்டர் வரும். அட்டை பிய்ந்த நீள ரிஜிஸ்டர். வாங்கிய தேதி, பில் நம்பர், சப்ளையர் பெயர், விலை, துறைத்தலைவர் கையெழுத்து, ஆடிட் பார்ட்டி போட்ட சிவப்பு டிக் எல்லாம் அதில் இருக்கும். கேட்ட கேள்விக்கான பதில் மட்டும் இருக்காது. லேப் அட்டெண்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "அந்த மூலை பீரோவுல ஒரு பாட்டில் இருந்துச்சு சார், ராமசாமி சார் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி வாங்குனது" என்பது மாதிரி ஏதாவது சொல்லுவார். (ராமசாமி சார் கற்பனைப் பாத்திரம். ஆனால் ஒவ்வொரு துறையிலும் ஒரு ராமசாமி சார் உண்டு.) மொத்தத் துறையின் பாதுகாப்பும் அந்த அட்டெண்டரின் ஞாபகசக்தியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவரும் ஒருநாள் ரிட்டயர் ஆவார்.

ஏன் இப்படி? விஞ்ஞானிகளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் திட்டிவிட்டுப் போய்விடலாம். அது சுலபம், ஆனால் தப்பு. கோளாறு அந்த ரிஜிஸ்டரின் பிறப்பிலேயே இருக்கிறது. அது பணத்துக்குக் கணக்கு வைக்கப் பிறந்தது, ஆபத்துக்குக் கணக்கு வைக்க அல்ல.

காமர்ஸ் படிக்கிற மக்களுக்கு இது சட்டென்று புரியும். கல்லூரி ஸ்டோரில் சாமான்களை இரண்டு ஜாதியாகப் பிரிப்பார்கள். மேஜை, தராசு, மைக்ராஸ்கோப் போன்ற நிலைத்த பொருட்கள் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். ரசாயனம், ஃபில்டர் பேப்பர், சோப்பு, துடைப்பம் இவையெல்லாம் கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது தீர்ந்துபோகும் பொருள். கன்ஸ்யூமபிள்ஸுக்கு உள்ள வழக்கம் என்ன? ஸ்டோரிலிருந்து இண்டெண்ட் போட்டு லேபுக்குக் கொடுத்தவுடன் ரிஜிஸ்டரில் 'வழங்கப்பட்டது', இருப்பு பூஜ்யம். புத்தகத்தில் செலவாகிவிட்டது. துடைப்பத்துக்கு இது சரி. அரை கிலோ பாட்டிலில் இருபது கிராம் எடுத்துவிட்டு மிச்சத்தை மூடி வைக்கிற ரசாயனத்துக்கு? காகிதத்தில் அது செத்துவிட்டது. அலமாரியில் இன்னும் முப்பது வருஷம் உயிரோடு இருக்கும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 கன்ஸ்யூமபிள்ஸையும் வருஷத்துக்கு ஒருதடவையாவது நேரில் எண்ணிச் சரிபார்க்கச் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் எண்ணுகிறவர் எதோடு ஒப்பிடுவார்? புத்தக இருப்போடு. புத்தகத்தில் பூஜ்யம் என்றால் அந்தப் பொருளைத் தேடவே மாட்டார். இல்லாததைத் தேடுவதற்கு அவருக்கு என்ன வேண்டுதலா?

இதன் விலை என்ன என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நடந்த கதை.

2010 பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் கிடந்த பழைய சாமான்களை ஏலம் விட்டது. அதில் ஒன்று காமா இர்ரேடியேட்டர் என்கிற கருவி. ரசாயனங்கள் மேல் காமா கதிரைச் செலுத்தி என்ன ஆகிறது என்று ஆராய்வதற்காக 1970 வாக்கில் கனடாவிலிருந்து தருவித்தது. உள்ளே கோபால்ட்-60. 1985க்கு அப்புறம் அதை யாரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு சும்மாவே நின்றது.

ஏலம் எடுத்தவர்கள் பழைய இரும்பு வியாபாரிகள். கருவி மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்தது. கதிர் வெளியே வராமலிருக்கத்தான் அந்தக் கனத்த ஈய உறை. வியாபாரிக்கு ஈயம் என்றால் காசு, அவ்வளவுதான். பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட் துண்டு துண்டானது. பளபளவென்று இருந்த ஒரு துண்டை ஒருவர் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் கடைக்காரர் ஒருவர் தோல் கறுத்து, முடி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிறகு இன்னொருவர், இன்னும் சிலர். மொத்தம் எட்டுப் பேர். ஏப்ரல் 26ஆம் தேதி அவர்களில் ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த கழிவாக இருக்கும் என்றுகூட ஆரம்பத்தில் பேசினார்கள். (ஊரில் எது நாறினாலும் முதலில் பக்கத்து ஊரைப் பார்ப்பதுதானே வழக்கம்.) கடைசியில் விற்றவர், விற்றவருக்கு விற்றவர் என்று பின்னோக்கிப் போனால் நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் வாசலில் போய் நின்றது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

கோபால்ட்-60ன் அரை ஆயுள் ஐந்தேகால் வருஷம் சொச்சம். வாங்கி நாற்பது வருஷம் ஆனதால் ஆரம்ப வீரியத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் மிச்சம் இருந்திருக்கும். அந்த மிச்சமே ஒரு உயிரை எடுத்தது.

இதைக் கணக்குப் புத்தகத்தின் கண்ணால் பாருங்கள். கருவியின் மதிப்பு வருஷா வருஷம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும். பயனற்றது, இடத்தை அடைக்கிறது, எடைக்குப் போட்டால் நாலு காசு வரும். அரசாங்கப் பணத்தில் நடக்கும் இடத்தில் ஏலம் என்றால் சும்மா இல்லை. கோப்பு நகர வேண்டும், கையெழுத்துகள் விழ வேண்டும். அந்தக் கோப்பில் 'என்ன எடை', 'என்ன விலை' என்பதற்குக் கட்டம் இருந்திருக்கும். 'உள்ளே என்ன இருக்கிறது' என்ற கட்டம் இருந்து, அதை யாராவது நேர்மையாக நிரப்பியிருந்தால் அந்தத் தொழிலாளி வீட்டுக்குப் போயிருப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட யாரும் சாகவில்லை. ரிஜிஸ்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாத, எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காத, தினக்கூலிக்கு இரும்பு பிரிக்கிற ஒருவர் செத்தார். லேபைப் பெருக்குகிற அம்மா, குப்பை அள்ளுகிற கார்ப்பரேஷன் ஊழியர், தீப்பிடித்தால் ஓடிவரும் தீயணைப்பு வீரர் எல்லாம் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தீயணைப்பு வீரருக்கு வாசலில் ஒரு பட்டியல் தொங்க வேண்டாமா? உள்ளே சோடியம் உலோகம் இருக்கிறதா என்று தெரியாமல் தண்ணீர் அடித்தால் என்ன ஆகும் என்று பிளஸ் டூ பையனுக்கே தெரியும்.

"அது கதிரியக்கம் சம்பந்தப்பட்ட விவகாரம், அதற்குத் தனி சட்டம், தனி வாரியம், ரசாயன பாட்டிலோடு முடிச்சுப் போடாதீர்கள்" என்று ஆட்சேபம் வரும். சரி. ஆனால் அதைத்தான் யோசிக்க வேண்டும். தனி சட்டமும் தனி வாரியமும் உள்ள பொருளே எடைக்குப் போயிற்று என்றால், எந்த வாரியமும் எட்டிப் பார்க்காத பாட்டில்களின் கதி என்ன? 1989ஆம் வருஷ அபாயகர ரசாயன விதிகள் ஆலைகளை மனதில் வைத்து எழுதியவை. பல பொருட்களுக்கு அதில் வரம்பே டன் கணக்கில். கல்லூரி லேபில் இருப்பது கிராமும் லிட்டரும். இவ்வளவு சின்ன மீன்களுக்காக அந்த வலை பின்னப்படவில்லை.

கிராமில் என்ன ஆபத்து என்பவர்கள் ஈதரை எடுத்துக்கொள்ளட்டும். டை எத்தில் ஈதர் எல்லா ஆர்கானிக் லேபிலும் உண்டு. திறந்த பாட்டிலில் காற்று பட்டால் மெதுவாக பெராக்சைடு உருவாகும். ஐசோபுரோப்பைல் ஈதர் இதில் இன்னும் மோசம். ஈதர் ஆவியாக ஆவியாக பெராக்சைடு அடர்த்தியாகிக்கொண்டே போகும். கடைசியில் மூடியின் மரையில் படிகமாக உட்காரலாம். மூடியைத் திருகினால் அந்த உராய்வே வெடிக்கப் போதும். அதனால்தான் திறந்த நாளை பாட்டில் மேல் எழுதி, ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆனால் சோதிக்கவோ அப்புறப்படுத்தவோ சொல்கிறார்கள். வாங்கிய தேதியை மட்டும் எழுதுகிற ரிஜிஸ்டர் இதற்கு எதற்கு ஆகும்?

அடுத்தது பிக்ரிக் அமிலம். ஒரு காலத்தில் பீரங்கிக் குண்டுகளில் அடைத்த சரக்கு. திசுக்களைப் பதப்படுத்தும் புவான் கரைசலில் இது சேர்வதால் விலங்கியல் துறையிலும் இருக்கும், வேதியியல் துறைக்கே தெரியாமல். தண்ணீரில் நனைந்திருக்கும்வரை சாதுவாக இருக்கும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டுத் தண்ணீர் வற்றினால் வெடிமருந்து. மூடி உலோகமாக இருந்து அதோடு வினைபுரிந்துவிட்டால் உருவாகும் பிக்ரேட் உப்பு இன்னும் கோபக்காரன்.

துவரம்பருப்பு பழசானால் வண்டு விழும், நஷ்டம் பருப்போடு போகும். இந்தச் சரக்குகளில் மதிப்பு இறங்க இறங்க ஆபத்து ஏறுகிறது. தேய்மானம் போடக் கற்றுக்கொடுக்கிற எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு சொத்து கிடையாது.

பிரிட்டனில் 2016 கடைசியில் ஒரு கூத்து நடந்தது. 2,4-டைநைட்ரோபினைல்ஹைட்ரசின் என்று வாயில் நுழையாத ஒரு ரசாயனம். சுருக்கமாக டிஎன்பி என்பார்கள். ஆல்டிஹைடோ கீட்டோனோ இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கு வேண்டும். இதுவும் ஈரமாக இருந்தால் பிரச்சினை இல்லை, காய்ந்தால் வெடிக்கலாம். 'உங்கள் ஸ்டாக்கைப் பாருங்கள்' என்று அங்குள்ள பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. பார்த்தார்கள். அப்புறம் ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் பள்ளி பள்ளியாகப் போக வேண்டியதாயிற்று, நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு. மைதானத்தில் குழி தோண்டி வெடிக்கவைத்து அழித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? பார்க்கச் சொன்னதால். அந்த டிஎன்பி இந்தியாவில் பிளஸ் டூ லேபிலும் பி.எஸ்ஸி. லேபிலும் அதே சோதனைக்காக இருக்கிறது. இங்கே 'பாருங்கள்' என்று அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால் ரிஜிஸ்டரைப் பார்ப்பார்களா, அலமாரியைப் பார்ப்பார்களா?

இது ஏழை நாட்டு வியாதி என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஜூலை 1ஆம் தேதி, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன வளாகத்தில் இடம் மாற்றுவதற்காகக் குளிர் அறையைக் காலி செய்தபோது அட்டைப்பெட்டிக்குள் ஆறு குப்பிகள் கிடைத்தன. மேலே 'வேரியோலா' என்று எழுதியிருந்தது. பெரியம்மை! உலகத்தில் இரண்டே இரண்டு இடத்தில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த கிருமி. 1950களில் யாரோ வைத்தது. சோதித்தபோது இரண்டு குப்பிகளில் கிருமி உயிரோடு இருந்தது. அறுபது வருஷம் அந்தப் பெட்டியை யாரும் திறந்து எண்ணவில்லை. காசு, கம்ப்யூட்டர், படிப்பு எல்லாம் உள்ள இடத்திலேயே இந்த லட்சணம்.

திரும்ப ரிஜிஸ்டருக்கு வரலாம். அதில் இன்னொரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் வருஷ அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவை உற்பத்தி செய்கிறவர் அதைப் பொதுவாகத் தொண்ணூறு நாளுக்கு மேல் தன்னிடம் வைத்திருக்கக் கூடாது. ஆனால் முப்பது வருஷ பாட்டில் கழிவு இல்லையே! அது 'ஸ்டாக்' அல்லவா! 'கழிவு' என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளில்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அப்புறம் லைசென்ஸ் உள்ள நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் கும்மிடிப்பூண்டியில் அதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. லாரி, பேக்கிங், கட்டணம் எல்லாம் யார் தலையில்? லேபிள் உதிர்ந்துபோன பாட்டில் என்றால் உள்ளே என்ன என்று சோதித்த பிறகுதான் எடுப்பார்கள், அதற்குத் தனிச் செலவு. எனவே எந்தத் துறைத்தலைவரும் தன் மூன்று வருஷப் பதவிக்காலத்தில் அந்தக் கையெழுத்தைப் போடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. மதிப்பே இல்லாத சரக்கை 'இருப்பு' என்று காட்டி நஷ்டத்தைத் தள்ளிப்போடுகிற கம்பெனிக்கு ஆடிட்டர் என்ன பெயர் வைப்பார் என்று பி.காம். இரண்டாம் வருஷத்துப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான்.

ஏபிசி அனாலிசிஸ் என்று இன்வெண்டரி பாடத்தில் ஒன்று வரும். வருஷத்தில் செலவாகும் மதிப்பு அதிகமுள்ள சரக்கு ஏ, அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கணும். அந்த மதிப்பு குறைந்தது சி, அதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். ரசாயன ஸ்டோருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் பிளாட்டினம் மூசை ஏ. சயனைடும் பிக்ரிக் அமிலமும் ஈதரும் சி! துடைப்பத்தோடு சரிசமம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எப்போதோ கண்டுகொண்டார்கள். விலை குறைந்த மருந்து இல்லாமல்போய் நோயாளி செத்தால் என்ன செய்வது என்று யோசித்து, இன்றியமையாதது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று பிரிக்கிற விஇடி முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். பணம் மட்டும் அளவுகோல் ஆகாது என்று ஸ்டோர் நிர்வாகத்துக்கே தெரியும். பல்கலைக்கழக ஸ்டோருக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

எதிர்த்தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு.

முதலாவது, "ஆராய்ச்சியாளரை குமாஸ்தா ஆக்காதீர்கள்." ரொம்பப் பழைய பாட்டு. அமெரிக்காவில் 2007இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை சுமார் முந்நூறு ரசாயனங்களின் பட்டியலைப் போட்டு, இவை யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டது. முதல் வரைவில் சில பொருட்களுக்கு 'எவ்வளவு சின்ன அளவாக இருந்தாலும்' என்று இருந்தது. பல்கலைக்கழகங்கள் அலறின. ஆயிரக்கணக்கான பாட்டில்கள், நூற்றுக்கணக்கான அறைகள், எண்ணி முடியாது என்றன. வரம்பைத் தளர்த்தினார்கள். அந்தத் திட்டமே 2023 ஜூலையில் நீட்டிப்பு இல்லாமல் காலாவதியாகிவிட்டது. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் 'எண்ண முடியாது' என்ற பதிலுக்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது பாருங்கள்: அதுவரை எண்ணவில்லை. பாங்க் மேனேஜர் 'நோட்டு ரொம்ப அதிகம், எண்ண முடியாது' என்று சொன்னால் எந்த ஊரில் ஒப்புக்கொள்வார்கள்?

இரண்டாவது, "பட்டியல் போட்டால் திருடனுக்கு மெனு கார்டு கொடுத்த மாதிரி." கொஞ்சம் நியாயம் உள்ள வாதம். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லவில்லை, தீயணைப்புக்காரர் கைக்கு எட்டினால் போதும். ஆனால் பூட்டை உடைத்து வருகிற திருடனை விட உள்ளேயே இருக்கிற ஆளுக்கு அதிகம் பயப்பட வேண்டும். 2013இல் ஷாங்காயின் ஃபுதான் பல்கலைக்கழகத்தில் ஒரு மருத்துவ மாணவர் தன் அறைத்தோழரைக் கொன்றார். ஹாஸ்டல் தண்ணீர் கேனில் கலந்தது என்-நைட்ரோசோ டைமெத்தில் அமீன். ஏற்கெனவே ஒரு பரிசோதனைக்குப் பயன்படுத்தி லேபில் மிஞ்சிக் கிடந்தது. உள்ளே இருப்பவருக்கு மெனு கார்டு தேவையே இல்லை, எந்த அலமாரியில் என்ன மிச்சம் என்று அவருக்கு மனப்பாடம். இருப்பு எவ்வளவு என்று எழுதாத இடத்தில் எடுத்தது எவ்வளவு என்றும் தெரியப்போவதில்லை.

மூன்றாவது, "காகிதத்தில் எழுதினால் ஆபத்து போய்விடுமா?" இதுதான் உருப்படியான கேள்வி. பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் இருப்பது ரகசியமே இல்லை. எடை தெரியும், இடம் தெரியும். வருஷக்கணக்கில் அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெடித்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். பட்டியல் இருந்தும், 'வெளியே எடு' என்று உத்தரவு போட்டு அதை நடத்திவைக்கிற கை இல்லை. ஆகவே பட்டியலோடு ஒரு அதிகாரமும் ஒரு பட்ஜெட்டும் வேண்டும். துறைத்தலைவருக்கு மேலே, பதிவாளர் மட்டத்தில் ஒருவர். பாட்டிலை வெளியேற்ற அவர் கேட்டால் நிதி அலுவலர் மறுக்கக் கூடாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2008இல் கல்லூரி லேபுகளுக்கென்று ஒரு புத்திசாலித்தனமான விதியைக் கொண்டுவந்தது. விரும்பிச் சேருகிற கல்லூரி வருஷத்துக்கு ஒருதடவை, ஒரு லேபுக்கு முப்பது நாள் பெருந்துப்புரவு செய்யலாம். அப்போது வெளியே வருகிற பயன்படுத்தாத பழைய ரசாயனங்களை, அந்தக் கல்லூரி எவ்வளவு கழிவு உற்பத்தி செய்கிறது என்ற மாதாந்திரக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதாவது சுத்தம் செய்தவனுக்கே அபராதம் விழாது. இந்தியாவிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இப்படி ஒரு மாசத்தை அறிவித்து, ஒரு ஊரின் எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே லாரியை அனுப்பினால் செலவும் பங்காகும், பயமும் போகும்.

பட்டியல் போட ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். பார்கோடு, சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம். ஒரு எக்ஸெல் தாள் போதும். பெயர், அறை, அலமாரி, இப்போது இருக்கும் அளவு, வந்த தேதி, திறந்த தேதி, வெளியேற வேண்டிய தேதி, பொறுப்பாளர். ஒருவர் ரிட்டயர் ஆகும்போது நூலகத்தில் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அதே மாதிரி அவர் பெயரில் உள்ள கடைசி பாட்டில் கை மாறும்வரை பென்ஷன் ஃபைல் நகரக் கூடாது. ஆராய்ச்சி மாணவர் தீசிஸ் கொடுக்கும்போதும் இதே நிபந்தனை. ஒரு பழைய புத்தகத்தைத் திருப்பித் தராதவனுக்கு டிகிரியை நிறுத்தி வைக்கிற பல்கலைக்கழகத்துக்கு இது முடியாத காரியமா என்ன?

மார்ச் 31 வருஷாந்திர ஸ்டாக் எடுக்கும்போது ரிஜிஸ்டரை ஒருதடவை மூடி வைத்துவிட்டு, அலமாரியில் ஆரம்பித்துக் காகிதத்துக்கு வரட்டும். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிட்டு அப்புறம் புத்தகத்தோடு ஒப்பிடட்டும். கூடவே லேப் அட்டெண்டரை உட்காரவைத்து அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவர் ரிட்டயர் ஆவதற்கு முன்னால். எண்ணுகிற வேலைக்கு காமர்ஸ் துறையிலிருந்து ஆள் கேட்டாலும் தப்பில்லை, பேனாவோடு வாசலில் நின்று எழுதுவதற்கு மட்டும். அலமாரியைத் தொடுகிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஈதர், பிக்ரிக் அமிலம், டிஎன்பி இந்த மூன்றிலும் பழைய பாட்டில் கண்ணில் பட்டால், மூடியிலோ கழுத்திலோ படிகம் தெரிந்தால், உள்ளே என்ன மிச்சம் என்று பார்க்க மூடியைத் திறக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, இடத்தை விட்டு நகர்த்தவும் கூடாது. அறை எண்ணையும் அலமாரி எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, அறையைப் பூட்டிவிட்டு, வெடிபொருள் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும்.